கதவுக்குப் பக்கத்தில் பச்சை

மத்தியானச் சாப்பாடு முடிந்து உள்ளே வரும்போது எல்லாரும் செல்போனை மறுபடியும் கூடையில் போட வேண்டும் என்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தங்கமாரியும் போட்டாள், போட்ட கை மட்டும் கூடையை விட்டு வரமாட்டேன் என்றது. பின்னால் வரிசையில் நின்ற யாரோ தொண்டையைச் செருமினார்கள், சரி என்று கையை எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "இந்த அறைக்குள்ள ஒரு குழந்தை பேசிக்கிட்டு இருக்குன்னு நினைச்சுக்குங்க, அது பேசும்போது உங்க போன் அடிக்கலாமா?" என்று காலையிலேயே பயிற்சி கொடுக்க வந்த மிருணாளினி மேடம் கேட்டுவிட்டார், கேட்டது நியாயம். மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் அந்தம்மா கேட்பதெல்லாம், சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. இன்றைக்குத் தங்கமாரிக்குத் தாங்க முடியாமல் இருப்பதும் அதுதான். அரைகுறையாக ஏதாவது உளறுகிற ஆளாக இருந்தால் உள்ளுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், முன்வரிசையில் ஒருவர் அந்த வேலையை அப்போதே ஆரம்பித்துவிட்டார். மதுரையில் ஒரு ஹோட்டலின் மாடி அரங்கு, ஏ.சி.யைக் குறைக்கத் தெரிந்த ஆள் சாப்பிடப் போயிருக்கிறானாம், குளிர் காலடியிலிருந்து ஏறுகிறது. குழந்தைகளிடம் தப்பாக நடந்தவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கிற போலீஸுக்கும், கோர்ட்டில் நடத்துகிற அரசு வக்கீல்களுக்கும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் சேர்த்து ஒரு நாள் பயிற்சி. குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று இங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில், தங்கமாரியின் ஊர் கோர்ட்டில், அவளோடு பேசிய பிள்ளை இன்றைக்குச் சாட்சி சொல்ல வருகிறது.

பிள்ளையின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். தங்கமாரி மனசுக்குள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை, அப்படியே பழகிப்போய்விட்டது, நாமும் பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு. ஒல்லி. பேசுவதற்கு முன்னால் கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னேரம் வந்திருக்கும், இல்லை வந்திருக்காது, மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிடுவார்கள் என்று அரசு வக்கீலம்மா சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்லினுக்குப் போன் போட்டபோது அவள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள், "இன்னும் வரல மேடம், அம்மாவும் பிள்ளையும் பஸ் ஏறிட்டாங்களாம்" என்றாள். ரோஸ்லின் இவளுடைய ஸ்டேஷன் கான்ஸ்டபிள், நல்ல பெண், சொன்னதைச் செய்வாள். "டிரஸ் கிடைச்சுதா?" என்று தங்கமாரி கேட்டாள். "கிடைச்சிருச்சு மேடம், அண்ணியோடது. நல்ல கிளிப்பச்சைதான், எனக்குத்தான் கொஞ்சம் லூஸா இருக்கு." கேட்டதும் அப்பாடா என்று இருந்தது, ஒரு அப்பளத்தைக்கூட எடுத்துக்கொண்டாள், அந்த அப்பாடா இரண்டு வாய்க்கு மேல் நிற்கவில்லை. கிளிப்பச்சை என்றால் எந்தக் கிளிப்பச்சை, துணிக்கடையில் அத்தனை பச்சையையும் கிளிப்பச்சை என்றுதான் விற்கிறான். துப்பட்டாவும் பச்சையா, வேறு நிறமா, அதைக் கேட்காமல் விட்டுவிட்டாள். மேடையில் மேடம் பெரிய எழுத்தில் எதையோ திரையில் காட்டுகிறார், எல்லாரும் எழுதிக்கொள்கிறார்கள், தங்கமாரியும் பேனாவைத் திறந்தாள். பச்சை என்று எழுதி அடித்தாள்.

இந்தப் பச்சைக்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் புரியாது. பிள்ளைகளிடம் வாக்குமூலம் வாங்கப் போகும்போது போலீஸ் காக்கியில் போகக் கூடாது. கேஸ் வருகிற நேரமோ யாருக்கும் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வர முடியாது, அதனால் ஸ்டேஷனில் இருக்கிற பெண் போலீஸ் எல்லாரும் சேர்ந்து ஒரு சுடிதார் எடுத்து, இன்ஸ்பெக்டரம்மா அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். யார் போகிறார்களோ அவர்கள் அதை மாட்டிக்கொள்வார்கள், ஒல்லியானவர்கள் முதுகில் ஊக்குக் குத்திக்கொள்வார்கள். வந்ததும் அவரவர் துவைத்துப் போட வேண்டும் என்பது ஒப்பந்தம், அதில் அடிக்கடி சண்டை வரும். ஒருத்தருக்கும் அது அழகாக இருந்ததில்லை. பிள்ளையின் வீட்டுக்குத் தங்கமாரி முதல்முதலாகப் போனது அந்தப் பச்சையில்தான், அதற்கப்புறம் போனதெல்லாமும் அதில்தான். காம்பவுண்டு வீடு, நடுவில் எல்லாருக்கும் ஒரே குழாய். குழாய்க்கு இந்தப் பக்கம் பிள்ளையும் அம்மாவும், அந்தப் பக்கம் அம்மாவின் தங்கச்சியும் அவள் புருஷனும், அதாவது சித்தப்பா. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்து வளர்த்தவன் என்று காம்பவுண்டே சொல்லியது. முதல் நாள் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கமாரியின் துப்பட்டா முனையை எடுத்து முடிச்சுப் போட்டது, அவிழ்த்தது, மறுபடி போட்டது. தங்கமாரியும் ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு முனையை எடுத்து அவளும் முடிச்சுப் போட்டாள். மறுநாள் பிள்ளை, "இந்த டிரஸ்ஸையே போட்டுட்டு வாங்கக்கா" என்றது. அதற்கு மறுநாள் சொன்னது. சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

தங்கமாரியின் விரல் இப்போது மடியில் துப்பட்டா முனையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதே துப்பட்டா. அதே பச்சை. ஏ கழுதை, ஏ கழுதை என்று தன்னையே இன்று காலையிலிருந்து எத்தனை தடவை திட்டிவிட்டாள். திருவிழா பந்தோபஸ்து முடிந்து விடியும்போதுதான் ஸ்டேஷனுக்கு வந்தாள், பயிற்சி மெமோவில் சீருடை தவிர்க்கவும் என்று போட்டிருந்தது, ஆணியில் கை போனது, எடுத்தாள், மாட்டினாள், பஸ் ஏறினாள். தூக்கத்தில் தலை கம்பியில் இடித்து முழித்தபோது மடியில் பச்சையாகத் தெரிந்தது. போன வாரம் பிள்ளையிடம் சொன்னதெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. "கோர்ட்டுல நிறைய போலீஸ் நிப்பாங்க, கறுப்புக் கோட்டுக்காரங்க நிப்பாங்க, உங்க சொந்தக்காரங்களும் வருவாங்க. நீ யாரையும் பாக்காத. இந்தப் பச்சையை மட்டும் பாரு. கதவுக்குப் பக்கத்துலயே நான் நிப்பேன்." பிள்ளை உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, "நிச்சயமா?" என்று கேட்டது. "நிச்சயமா." அடுத்த நாளே இந்தப் பயிற்சிக்கு மெமோ வந்தது. ஸ்டேஷனுக்கு ஒருத்தர், போக வேண்டிய அம்மாள் பிரசவ விடுப்பில் போய்விட்டாள், அவள் இடத்தில் இவள் பெயர். இன்ஸ்பெக்டரம்மாவிடம் போய் நின்றாள். "மேலிடத்துக்குப் பேர் போயிருச்சு தங்கம், மாத்தச் சொன்னா என்னைத்தான் கேப்பாங்க" என்றார், அது பொய்யில்லை. "பிள்ளை சாட்சி சொல்லும்போது உன்னை உள்ள விடவே மாட்டாங்க. கதவை அடைச்சுருவாங்க. வெளிய நின்னு நீ என்ன பண்ணப் போற?" அதுவும் பொய்யில்லை. எல்லாரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வெளியே நிற்பேன் என்பதைத்தான் பிள்ளையிடம் சொன்னேன் என்று சொல்ல வாய் வந்தது, சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்குமே என்று சல்யூட் அடித்துவிட்டு வந்துவிட்டாள். பிள்ளையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், அக்கா வர முடியாது என்று. சொன்னால் அது கோர்ட்டுக்கே வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு நாள் தள்ளினாள், அப்புறம் திருவிழா. அப்புறம் பஸ்ஸில் அந்தப் புத்தி வந்தது, ரோஸ்லினைக் கூப்பிட்டாள், "எங்கயாவது ஒரு பச்சை சுடிதார் வாங்கிப் போட்டுட்டுப் போய் கதவுகிட்ட நில்லு" என்றாள். அப்போது அது பெரிய யோசனையாகத் தெரிந்தது. பரவாயில்லையே நமக்கும் மூளை வேலை செய்கிறதே என்றுகூட ஒரு நிமிஷம் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு எழுதிக்குங்க" என்கிறார் மேடம், "உங்களால செய்ய முடியாத எதையும் குழந்தைகிட்டச் சொல்லாதீங்க. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாதீங்க, அது உங்க கையில இல்ல. நான் கூடவே இருப்பேன்னு சொல்லாதீங்க. அந்தக் குழந்தையை ஏற்கெனவே நம்ப வச்சு ஒருத்தர் ஏமாத்தியிருக்காங்க. நீங்க ரெண்டாவது ஆளா ஆயிராதீங்க." பேனாக்கள் ஓடுகின்றன. முன்வரிசைத் தூக்கக்காரரும் முழித்து எழுதுகிறார். தங்கமாரிக்குக் காதுக்குள் சூடாக இருக்கிறது, இவ்வளவு குளிரில் எப்படிச் சூடு, யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தாள், ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டாவது ஆள். நான் எங்கே ஏமாற்றினேன், என்னை அனுப்பினார்கள், நான் வந்தேன், இந்தச் சுவருக்குள் இதைச் சொல்லிக்கொடுப்பதற்காகவே என்னை அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எழுந்து கத்தினால் என்ன. கத்தினால் மைக்கைக் கொடுப்பார்கள், நல்ல கேள்வி என்பார்கள். பிள்ளையின் அம்மா உறுதியாக நிற்பாளா. போன மாதமே அவள் குரல் இறங்கிவிட்டது, "எங்க அய்யாவும் அம்மாவும் கால்ல விழாத குறையாக் கேக்காக மேடம், தங்கச்சி வாழ்க்கை போயிரும்னு அழுகா, நான் இவ ஒருத்தியை நம்பித்தான் நிக்கேன், இவ சொல்லிட்டா நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்" என்றாள். மில்லில் இரண்டு ஷிப்டு பார்க்கிற பெண், அவள் பிள்ளையை நம்பி நிற்கிறாள், பிள்ளை பச்சையை நம்பி நிற்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் பிள்ளை முன்பே சொன்னது கோப்பில் இருக்கிறது, அது இருந்து என்ன, கோர்ட்டில் இன்றைக்கு வாய் திறக்காவிட்டால் அது வெறும் காகிதம். சித்தப்பா ஜாமீனில் வேறு ஊரில் இருக்கிறான், காம்பவுண்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. விடுதலை ஆகிவிட்டால் அந்த உத்தரவும் போய்விடும். அன்று ராத்திரியே பெட்டியோடு வந்து இறங்குவான், காலையில் அதே குழாயில் முகம் கழுவுவான், பிள்ளை குடத்தை எடுத்துக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். அந்தக் குழாய்க்கு அடியில் பாசி பிடித்த சிமெண்டுத் தொட்டி, அதில் ஒரு பக்கம் உடைந்திருக்கும், அது ஏன் இப்போது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. பச்சைப் பாசி.

"அடுத்து நடிச்சுப் பாக்கப் போறோம்" என்றார் மேடம், "அனுபவம் உள்ள ஒரு போலீஸ் அதிகாரி வேணும்." யாரோ தங்கமாரியைக் கை காட்டிவிட்டார்கள், பச்சை சுடிதார் மேடம் வாங்க என்றார்கள், கால் எழுந்து போனது. பிள்ளையாக நடிக்க அருள்தாஸ் என்ற அரசு வக்கீல் வந்தார். வேறு மாவட்டம், முறுக்கு மீசை, நல்ல கனம். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டு விரலைக் கடித்தார், அரங்கம் சிரித்து உருண்டது, தங்கமாரிக்கே உதட்டில் சிரிப்பு வந்தது. "சிரிக்காதீங்க, அவர் சரியாத்தான் செய்றார்" என்று மேடம் அதட்டினார். தங்கமாரி அவருக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள், அது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, அப்படியே உட்கார்ந்து பழக்கம். என்ன படிக்கிற என்று கேட்டாள், எந்த டீச்சரைப் பிடிக்கும் என்று கேட்டாள். மீசை வைத்த பிள்ளை மெதுவாகப் பதில் சொன்னது. "நீங்க போலீஸா?" என்றது. "ஆமா." "அப்பறம் ஏன் போலீஸ் டிரஸ் போடல?" "அதைப் பாத்தா உனக்குப் பயமா இருக்கும்ல, அதான்." அருள்தாஸ் தலையை ஆட்டினார். இந்த மனிதருக்கு எங்கிருந்தோ தெரிந்திருக்கிறது, இவரும் எத்தனையோ பிள்ளைகளைக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தானே. அவர் கண்ணைத் தூக்காமல், விளையாட்டெல்லாம் போன குரலில், "நாளைக்கும் நீங்க வருவீங்களா?" என்று கேட்டார்.

வருவேன் என்று சொல்லக் கூடாது. வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது. முயற்சி செய்கிறேன் என்று சொல்லலாம், அதுதான் சரியான பதில், கொஞ்சம் முன்னால் திரையில்கூட இருந்தது, முயற்சி என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன புரியும். இன்னேரம் கோர்ட் வாசலில் ஆட்டோ வந்து நின்றிருக்கும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கும், படியில் தாத்தாவும் பாட்டியும் நிற்பார்கள், சித்தி நிற்பாள், பிள்ளை அவர்களைப் பார்க்காது, நான் சொல்லியிருக்கிறேன், பச்சையைத் தேடும். தேடட்டும், இருக்கும், ரோஸ்லின் இருப்பாள், லூஸாக இருந்தாலும் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை. பச்சையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டால் போதும், கிட்டே போக வேண்டாம், கடவுளே அது கிட்டே போகாமல் இருக்க வேண்டும். இது ஏன் காலையில் தோன்றவில்லை. ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த ஆளைப் பார்த்தால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகுமா, ஓடி வரும். அருள்தாஸ் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார், அவர் மீசையின் ஒரு பக்கம் நரைத்திருந்தது. தங்கமாரியின் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது, குனிந்துகொண்டாள். அப்போது மேடம் மைக்கில், "பாத்தீங்களா, எல்லாரும் பாத்தீங்களா" என்றார், "மேடம் அவசரப்படல. பொய்யா ஒரு ஆறுதல் சொல்லல. அந்த மௌனத்தை அப்படியே இருக்க விட்டாங்க. எத்தனை பேருக்கு இது வரும்? கை தட்டுங்க." கை தட்டினார்கள். அருள்தாஸும் பிள்ளையாக இருப்பதை விட்டுவிட்டுக் கை தட்டினார். தங்கமாரி தரையிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றினாள், கால் மரத்துப்போயிருந்தது.

டீக்கு விட்டதும் கூடையில் எல்லா போனும் ஒரே மாதிரி இருந்தது, இரண்டைப் புரட்டிப் பார்த்துத் தன்னுடையதை எடுத்தாள். ரோஸ்லின் கூப்பிட்டிருந்தாள், பல தடவை. மாடிப்படி ஓரத்தில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்று போட்டாள். ரோஸ்லின் எடுத்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சொல்லு" என்றாள் தங்கமாரி. "மேடம், நீங்க சொன்ன மாதிரியே கதவுகிட்ட நின்னேன் மேடம். பிள்ளை கேட்டுக்குள்ள வரும்போதே பச்சையைப் பாத்துருச்சு. அம்மா கையை உதறிட்டு ஓடியாந்துச்சு மேடம், சிரிச்சுக்கிட்டே ஓடியாந்துச்சு. கிட்ட வந்து என் மூஞ்சியைப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு." தங்கமாரி சுவரில் சாய்ந்தாள். "உள்ள போச்சா?" "போச்சு மேடம். ஜட்ஜம்மா தங்கமா கேட்டாங்களாம், சாக்லேட்டுகூடக் குடுத்தாங்களாம். எல்லாத்துக்கும் ஞாபகம் இல்ல, ஞாபகம் இல்லன்னே சொல்லிருச்சாம். வக்கீலம்மா எவ்வளவோ பாத்திருக்காங்க. பிறழ் சாட்சின்னு எழுதிட்டாங்க மேடம். சித்தப்பா பக்கத்து ஆளுங்க வெளிய கேசரி குடுத்துட்டு இருக்காங்க." கீழே தெருவில் ஒரு பஸ் விடாமல் ஆரன் அடித்தது. அம்மா என்ன சொன்னாள் என்று கேட்க வேண்டும், அந்தக் காம்பவுண்டுக்கு இன்று ராத்திரி அனுப்பாதே என்று சொல்ல வேண்டும், எங்கே அனுப்புவது, யார் உத்தரவு, ஒன்றும் ஓடவில்லை. "என்னைப் பத்தி ஏதாவது கேட்டுச்சா?" என்றாள். கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்தது.

"கேட்டுச்சு மேடம். உள்ள போறதுக்கு முன்னாடி, அந்த அக்கா எங்கன்னு கேட்டுச்சு. மதுரைக்குப் பயிற்சிக்குப் போயிருக்காங்கன்னேன். என்ன பயிற்சின்னுச்சு. எனக்கு வேற என்ன சொல்லன்னு தெரியல மேடம், சின்னப் பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடுக்காங்கன்னு சொல்லிட்டேன்." உள்ளே மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு என்று சொல்லிச் சரிபார்த்தார்கள், குரூப் போட்டோவுக்கு எல்லாரும் வரவும் என்றார்கள். "அதுக்கு என்ன சொல்லுச்சு?" என்றாள் தங்கமாரி. "அந்த அக்காவுக்குத்தான் நல்லாப் பேசத் தெரியுமேன்னுச்சு மேடம்." "அப்பறம்?" "அப்பறம் ஒண்ணும் பேசல மேடம். என் துப்பட்டாவைப் பிடிச்சுக்கோன்னு குடுத்தேன். வாங்கிக்கல."